வேகாஸ் பயணமும் காளியம்மாள் டம்ளரும்

ஜூன் 5, வியாழன்

காலையில் மூடுபனி. பிற்பகலில் நல்ல வெயில். மகள் இருக்கும் இந்தப் பிரிமாண்டில் தினமும் இதே கதை.

இன்றைக்கு உள்ளவை:
பிரஷர் மாத்திரை தீரப் போகிறது. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.
லட்சுமிக்குக் கால் வீக்கம்.
சனிக்கிழமை லாஸ் வேகாஸ்.

எழுத்து இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி எழுதி ஒரு வாய் காப்பி. ஆனாலும் பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே எழுதுகிறேன். என் மகள் லட்சுமி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். போன முறை இங்கே வந்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த முறை நிலை ஒன்று பாஸ். முன் பெஞ்சு முழுவதும் பல் விழுந்த பிள்ளைகள். எனக்கும் பாதிப் பல் இல்லை, அதனால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. எழுபத்தொரு வயது வரை மையில் தேய்த்த கட்டைவிரல். இப்போது அதே விரல் பேனாவைத் தாங்குகிறது. குளிக்கும்போதுகூட அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கிலீஷும் பாதி வந்துவிட்டது. எல்லாம் ரோட்டுப் பலகை பார்த்து. முதலில் பழகிய சொல் சிக்கன். கராஜில் இருக்கும் இரண்டாவது ஃப்ரிட்ஜில் பாக்கெட் பாக்கெட்டாக இருந்ததே, அதில் படித்தது. இப்போது அந்த ஃப்ரிட்ஜ் காலி. போன வாரம் சம்பந்தியும் சம்பந்தி அம்மாளும் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் லட்சுமி அந்த வயிற்றோடு அடுப்பு, ஓவன், ஜன்னல் திரை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். மாப்பிள்ளை புதுச் சட்டி வாங்கி வந்தார். அவர் கறி தின்பது அவருடைய அப்பாவுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதற்கு இங்கே எல்லோரும் பாடுபடுகிறார்கள்.

சம்பந்தி என்று முழுதாக எழுதினால் கை வலிக்கிறது. இனி ச.

இந்த ஊர் வழக்கம், ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர் வந்து இருப்பது, ஆறு மாதம் பையனைப் பெற்றவர். என் முறை முடிந்தது. டிக்கெட் அடுத்த சனிக்கிழமைக்கு. லட்சுமிக்கு ஜூலை தொடக்கத்தில் பிரசவம். எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, தேதியை மாற்றினால் போதும், பிள்ளை முகம் பார்த்துவிட்டுப் போகலாம். லட்சுமியும் அதையே சொன்னாள். மாப்பிள்ளை கார்த்திக் தன் அப்பாவைப் பார்த்தார்.

ச. சொன்னது: “பிரசவ வீட்டுல ரெண்டு கெழடு என்னத்துக்குவே? ஒண்ணு போதும்.”

மாப்பிள்ளை உடனே போனைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, மாமா ஒண்ணும் பார்க்கலையே, போறதுக்கு முன்னாடி வேகாஸ் காட்டிடறேன் என்றார். காலையில் விமானத்தில் போய் இரவு திரும்பலாம். ச.வும் வருகிறேன் என்றார். என்னை மட்டும் கூட்டிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

பலிக்கு விடும் ஆட்டுக்கு மாலை போடுவார்கள். எனக்கு வேகாஸ்.

ஜூன் 6, வெள்ளி

மூடுபனி. முழங்கால் வலி குறைவு.

என் டம்ளர் மறுபடியும் கராஜுக்குப் போய்விட்டது. சம்பந்தி அம்மாள் காலையில் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார். “அண்ணாச்சி டம்ளர் அங்கனயே இருக்கட்டும் லட்சுமி, கலந்துரும்.” இங்கே இப்போது கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. எதோடு எது கலக்கும் என்று தெரியவில்லை. என் வாயோடு போலும்.

அந்த டம்ளரைப் பற்றி எழுதி வைக்கிறேன். எவர்சில்வர். விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருக்கிறது. மா. காளியம்மாள். என் மனைவி. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து வெட்டுபவனிடம் அவளே நின்று வெட்டி வாங்கினாள். நாங்கள் இருவருமே படிக்காதவர்கள். தலைகீழாக வெட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. இந்த வருஷம்தான் வாசித்தேன். நேராகத்தான் இருக்கிறது.

லட்சுமியும் கார்த்திக்கும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். நிச்சயம் பேச ச. எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்திரை மாத வெயில். காளியம்மாள் அந்த டம்ளரில் தண்ணீர் கொண்டு நீட்டினாள். அவர் கையை எடுக்கவில்லை. காரிலிருந்து தன் கூஜாவைக் கொண்டுவரச் சொல்லி, அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். அவள் நீட்டிய கையோடு நின்றாள். பிறகு முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். கல்யாணம் முடிந்த மறு வருஷம் போய்விட்டாள். அதனால் போனாள் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதி. ஆனால் அந்தக் கை எனக்கு மறக்காது.

நான் ஆட்டுத் தரகன். ஆட்டின் முதுகில் கை வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ச.வின் முதுகில் கை வைக்க விட மாட்டார். அதனால் பார்த்தே எடை போட்டு வைத்திருக்கிறேன். தோல் பளபளப்பு, உள்ளே கொழுப்பு, கண்ணில் தீராத பசி.

சாயங்காலம் நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, “ஒண்ணாங்கிளாஸ் வீட்டுப்பாடம் எழுதுதோ” என்றார். வந்ததிலிருந்து அதுதான் எனக்குப் பேர். சம்பந்தி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நான் ஐயா என்கிறேன்.

நாளை எடுத்துப் போக: தொப்பி, துண்டு, மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. வந்ததும் படுத்துவிட்டேன். இன்று லட்சுமி இட்லி வைத்துக் கொடுத்தாள், தின்றுவிட்டு எழுதுகிறேன். மனது நிறைந்திருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

விமானத்தில் ஜன்னல் சீட். கீழே முழுவதும் பாலைவனம். காய்ந்த தோலை விரித்துப் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாக. திடீரென்று அதன் நடுவில் வரிசை வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீலமாக ஒரு குளம். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். தூரத்து ஆற்றை அணை கட்டி நிறுத்தியிருக்கிறார்களாம்.

பார்த்தவை:
பிரமிடு மாதிரி ஓட்டல்.
பொய் ஈபில் டவர்.
பாட்டுக்கு ஆடும் தண்ணீர். ஆடி முடித்து அப்படியே படுத்துக்கொள்கிறது.
ஒரு ஓட்டலுக்குள் ஆறு, அதில் படகு. மேலே பெயிண்ட் அடித்த வானம். வெளியே உச்சி வெயில், உள்ளே எப்போதும் சாயங்காலம்.
மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி சூதாட்ட மெஷின் முன்னால். கண் சிமிட்டவில்லை.

எல்லாம் பொய். பொய் என்று யாரும் மறைக்கவும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பலகை எல்லாவற்றையும் வாசித்தேன். எழுத்துகள் அங்கே ஆள் உயரம், விளக்கு போட்டு எரிகின்றன. என்னைப் போல் புதிதாகப் படித்தவனுக்கென்றே கட்டின ஊர். நான் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க வாசிக்க ச. முகம் சுருங்கியது. வெயில் அடுப்பைத் திறந்ததுபோல். அவருக்குக் கால் பெருவிரலில் வாதம், நடக்க முடியவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே வேகமாக நடந்தேன். பாலத்தில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் ஏறினேன். “நில்லும்வே, நில்லும்வே” என்று பின்னால் குரல். சந்தைக்கு ஓட்டிப் போகும் கிடாவும் இப்படித்தான் பின்னால் கத்திக்கொண்டு வரும்.

வழியில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, எதில் என்ன இருக்குமோ என்று. மத்தியானம் பசியில் உதடு வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு பெரிய பஃபே ஹாலுக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்ததும் அவருக்கு ஆபீஸ் போன். ஏதோ சர்வர் விழுந்துவிட்டதாம். “அப்பா, தட்டுக்கு மேல கார்டு இருக்கும், அதுல பேரு இருக்கும். மாமாகிட்ட கேட்டுக்கோங்க, நான் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று வெளியே போனார். அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ச.வின் படிக்கிற கண்ணாடி சான் ஹோசே விமான நிலையத்தில் நிறுத்தின காரிலேயே கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு அந்தக் கார்டு எல்லாம் பூச்சி.

ச. சிரித்தார். “விதியப் பாரும். நாப்பது வருஷம் கவர்மெண்ட் ஃபைல் பார்த்தவனுக்கு ஒண்ணாங்கிளாஸ் வாசிச்சுக் காட்டப் போகுது.”

முதலில் ஒழுங்காகத்தான் வாசித்தேன். பொட்டேட்டோ. கார்ன். கேரட். உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமை இல்லாமல் நின்றார்.

“எறும்பு ஊருத மாதிரி வாசிக்கீரேவே. உம்ம பொண்டாட்டி இருந்து பார்த்திருக்கணும், பூரிச்சுப் போயிருப்பா. பாவம், அதுவும் கைநாட்டுதானே.”

அடுத்த தட்டு. பப்ஸ் மாதிரி மேலே மொறுமொறுவென்று ஓடு. உள்ளே வெள்ளைக் குழம்பு, பட்டாணி, கேரட், வெள்ளையாகத் துண்டு துண்டாக ஏதோ. கார்டைப் பார்த்தேன். முதல் சொல் எனக்குப் பழகின சொல். கராஜ் ஃப்ரிட்ஜ் சொல். வாசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. வாழ்க்கையில் இத்தனை வேகமாக நான் எதையும் வாசித்ததில்லை.

“காளான் ஐயா” என்றேன்.

பெரிய துண்டாக வைத்துக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து சோளம் கடித்தேன். முதல் வாய் போட்டதும் தாடை நின்றது. என்னைப் பார்த்தார். நான் சோளத்தைப் பார்த்தேன். பிறகு தாடை மெதுவாக அசைந்தது. உப்புக்கல்லை முதன்முதலாக நக்குகிற குட்டி அப்படித்தான் நின்று, யோசித்து, பிறகு விடாது. மறுபடி போய், யாரையும் கேட்காமல், அதையே எடுத்து வந்தார். அடியில் ஒட்டினதைக் கரண்டியால் வழித்தார். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. ஒரு கோடுகூட அழியவில்லை.

மாப்பிள்ளை வந்தார். தகப்பன் தட்டைப் பார்த்தார். முகத்தின் நிறம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஐஸ்கிரீம் எடுக்கப் போனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? அது சிக்கன் என்று அவருக்கு எப்படிப் பார்த்ததும் தெரியும் என்று ஒரு கேள்வி வருமே.

திரும்பி வரும் விமானத்தில் ச. கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தார். ஏப்பம் வந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். காளியம்மா, உன் தண்ணீரைத் தொடாத வாய், இன்றைக்கு என்னத்தை வழித்துத் தின்றது தெரியுமா என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அலுக்கவில்லை.

இன்னும் அலுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மூடுபனி இல்லை. காற்று. ஏரிப் பூங்காவில் வாத்து எச்சம், பார்த்து நடக்க வேண்டும்.

ச. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு, வாரும் நடந்துட்டு வருவோம் என்றார். இதுவரை என்னோடு தெருமுனை வரைகூட வந்ததில்லை. நொண்டி நொண்டி வந்தார். நான் மெதுவாகவே நடந்தேன். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்.

“அது காளான் இல்ல” என்றார்.

நான் செருப்பில் ஒட்டின வாத்து எச்சத்தைப் புல்லில் தேய்த்தேன்.

“மொத வாய்லயே தெரிஞ்சுட்டு. நீர் வேணும்னே குடுத்தீர்னும் தெரிஞ்சுட்டு.”

“பிறகு எதுக்கு ஐயா சாப்பிட்டீங்க?”

ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா இருந்துச்சுவே” என்றார்.

ஆடு விற்கப் போய் ஆட்டையும் பறிகொடுத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. இரண்டு நாளாகச் சப்பிக்கொண்டிருந்த இனிப்பை யாரோ வாயிலிருந்து பிடுங்கினது போல். ஏமாந்தது யார்? பிறகு யோசித்தேன். ஏமாந்து தின்றவனைவிடத் தெரிந்து தின்றவன் எனக்கு நல்ல சரக்கு. பிடி இன்னும் இறுகியிருக்கிறது.

அவருக்கும் அது தெரிந்திருந்தது. வீட்டில் அவளுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள், ஊரில் கோயில் கமிட்டியில் தலை காட்ட முடியாது என்றார். இதையெல்லாம் கெஞ்சலாகச் சொல்லவில்லை. ஃபைல் வாசிப்பதுபோல் சொன்னார். “ஒண்ணு கேளும். தாரேன். ரெண்டு கிடையாது. அதோட இந்தப் பேச்சு செத்துப் போயிரணும்.”

எங்கள் சந்தையில் பேரம் துண்டுக்கு அடியில்தான். இவன் கையும் அவன் கையும் துண்டு மூடியிருக்கும், விரலைப் பிடித்து விலை சொல்வோம். விரலை அழுத்திவிட்டால் முடிந்தது. பிறகு வாயைத் திறக்கிறவன் தரகன் இல்லை. ஐம்பது வருஷம் அப்படி வாழ்ந்தேன். பழக்கத்தில் துண்டை எடுத்து என் கை மேல் போட்டு நீட்டினேன். அவர் துண்டைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு சீனக் கிழவர் கையைக் காலை ஆட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார், வேறு யாரும் இல்லை. ச. கையை உள்ளே நுழைத்தார். குளிர்ந்த கை, மெத்தென்று. இதுதான் முதல் தடவை நாங்கள் தொட்டது.

டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்காகத்தான் இத்தனை நாளாகத் தூங்காமல் கிடக்கிறேன். ஆனால் அந்தக் கை என் கைக்குள் வந்ததும் இன்னொரு கை ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீரோடு நீட்டின கை.

“எங்க வீட்டு டம்ளர்ல தண்ணி தருவேன். எல்லாரும் பார்க்கக் குடிக்கணும். அண்ணாக்கக் கூடாது. வாய் வச்சுக் குடிக்கணும்” என்றேன்.

ச. என்னை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குள் ஏதோ ஓடியது. மெதுவாகச் சிரித்தார். “அவ்வளவுதானா?”

விரலை அழுத்தினேன்.

எழுந்து நடக்கும்போதுதான் மறுபடி டிக்கெட் ஞாபகம் வந்தது. பேரம் முடிந்துவிட்டது, திரும்பிக் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டேன். சாயங்காலத்தை நினைத்து நடையே வேகமாக வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். லட்சுமிக்கு டாக்டர் செக்கப், எல்லாம் நல்லபடி.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை எழுதுகிறேன். எல்லோரும் மேஜையில், லட்சுமி மட்டும் அடுப்படியில். தோசை. நான் கராஜுக்குப் போய் டம்ளரை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்து, பேர் அவர் பக்கம் தெரியும்படி ச. முன்னால் வைத்தேன்.

சம்பந்தி அம்மாள் பதறிப் போனார். ஏங்க, அது அவங்க டம்ளர் என்றார். மாப்பிள்ளை தோசையைப் பிய்த்த கையோடு நின்றார்.

ச. எடுத்தார். உதட்டில் வைத்தார். காளியம்மாள் பேருக்கு மேலே, விளிம்பில், அவருடைய உதடு. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பாதியில் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை. எனக்கு அத்தனை சந்தோஷம். இந்த வீட்டில் ஆறு மாதத்தில், ஏன், இந்த ஆயுசிலேயே, இப்படி ஒரு காட்சி கிடையாது. வேகாஸ் எல்லாம் இதற்குக் கால் தூசி.

டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, லட்சுமியைப் பார்த்துப் பேசினார். தேன் மாதிரி குரல்.

“உங்கப்பாட்ட இன்னைக்குக் காலைல சொன்னேன்மா, என்ன வேணும்னாலும் கேளும், ஒண்ணு கேளும், தட்டாம தாரேன்னு. பிரசவத்துக்கு இருக்கணும்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அவர் இந்தத் தண்ணியத்தான் கேட்டாரு.”

லட்சுமி என்னைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை தோசைக் கரண்டியில்.

“அப்படியாப்பா?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? விரலை அழுத்தின பேரம். ஏன் கேட்டேன், அவர் ஏன் கொடுத்தார் என்று வாயைத் திறக்க முடியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறதுக்கு உங்களுக்கு வேற ஒண்ணுமே இல்லையாப்பா” என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசை கருகிற வாசனை வந்தது, எடுக்கவில்லை.

ச. எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். என் தோளில் கை வைத்தார். எல்லோரும் பார்க்க வைத்தார். பேரம் முடிந்தது, இனி அவருக்குப் பயம் இல்லையே. “சனிக்கிழமை எத்தனை மணிக்கு விமானம்? நானே வந்து ஏத்தி விடுதேன். நல்லபடியா போயிட்டு வாரும், சம்பந்தி.”

சம்பந்தி. முழுச் சொல்லும் சொன்னார். நானும் முழுசாக எழுதிவிட்டேன்.

இன்று காலையில் பார்த்தேன். டம்ளர் கராஜில் இல்லை. சமையலறை அலமாரியில், மற்ற டம்ளர்களோடு. வைத்தது லட்சுமிதான். கேட்டேன். காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியில் பாதி அடுக்கிவிட்டேன்.
ஸ்வெட்டர்.
மாத்திரை.
வேகாஸில் வாங்கின தொப்பி.
டம்ளரை எடுத்துப் போவதா, இங்கேயே விடுவதா?